மூணாஞ் சங்கு

— யாரு செத்துட்டாங்க?

— ஒருத்தரும் சாவல புள்ள! சங்கு ஊதிட்டான், எந்திரிச்சு வான்னேன். சாவு வூட்டுச் சங்கு இல்ல, குவாரிச் சங்கு! வெடி வைக்கப் போறான்! கேட்டியா?

— எங்கேருந்து கேக்குறது. பதினோரு வருசமா வாசல்ல வந்து நின்னுக்கிட்டு 'கேட்டியா, கேட்டியா'ங்குறீங்க. கேட்டுச்சுன்னா நான் ஏன் உங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்? அந்தச் செவப்புக் கொடிய ஒரு ஆட்டு ஆட்டுனா வந்துட்டுப் போறேன்.

— ஆட்டுனேனே! மூணு தடவ ஆட்டுனேன். நீ உள்ள எதையோ உருட்டிக்கிட்டுக் கெடந்த. சரி வா, புளியமரத்துக்குப் போயி ஒக்காந்துக்குவம். பாத்துக் கால வையி, லாரியிலேருந்து விழுந்த கல்லு கெடக்கு. அந்தப் பைய எதுக்குத் தூக்கிக்கிட்டு வர்ற? இங்க குடு. அடேயப்பா! என்னாத்த வச்சிருக்க உள்ள, அம்மிக் கல்லயா?

— நீங்க குடுத்த கல்லுதான்.

— நான் எப்ப அம்மி குடுத்தேன்?

— அம்மி இல்லங்க. அந்தச் சங்குக் கல்லு. குழிக்குள்ளேருந்து எடுத்தாந்து குடுத்தீங்களே, நத்த மாதிரி சுருட்டிக்கிட்டு இருக்குமே. ஊரு ஒலகத்துல பூவு குடுப்பாங்க, பழம் குடுப்பாங்க. இந்த மனுசன் தலச்சொமையா ஒரு கல்லத் தூக்கியாந்து குடுக்குறாரேன்னு அன்னைக்கெல்லாம் சிரிச்சேன். கதவுக்கு அண குடுக்க அதத்தான் வச்சிருந்தேன்.

— அதப் போயி ஏன் பையில வச்சிருக்க?

— மொதல்ல ஒக்காருங்க கொடிக்காரரே, சொல்றேன். நூறு அடி நடந்ததுக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது.

— எனக்கா? எனக்கென்ன, இன்னும் நாலு குவாரிக்குக் கொடி புடிப்பேன்.

— புடிப்பீங்க, புடிப்பீங்க. இந்த மரத்தப் பாருங்க. காய்ச்சு நாலு வருசமாச்சு. நேத்து அந்த மழ பேஞ்சுச்சே, எலயிலேருந்து பாலு மாதிரி ஒழுவுது. எல்லாம் சிமெண்டு. உங்க தலயிலயும் அப்புடியே. தூசியா, நரையான்னு தெரிய மாட்டேங்குது.

— தூசிதான்! நரையெல்லாம் அவ்ளோ இல்ல.

— ஆங்?

— தூசின்னேன்! ...ம்க்கும். என்ன இன்னைக்கு இப்புடிக் கெளம்பி வந்துருக்கா. மாம்பழக் கலரு சேல. சத்தமாச் சொன்னா ஊருக்குக் கேக்கும். மொள்ளமாச் சொன்னா இவளுக்குக் கேக்காது. இதுல இது ஒரு வசதி. நல்லாருக்கு புள்ள இந்தச் சேல உனக்கு. ரொம்ப நல்லாருக்கு.

— என்ன, வாய்க்குள்ளயே என்னமோ மென்னுக்கிட்டு?

— ஒண்ணுமில்ல! வெயிலுன்னேன்!

— கார்த்திகையில வெயிலு. நல்லாத்தான் இருக்கு. தீவாளிக்கு மவ எடுத்துக் குடுத்த சேல இது. இந்தக் கலரெல்லாம் எனக்கெதுக்குன்னு பொட்டியிலயே போட்டு வச்சிருந்தேன். இன்னைக்குப் போறமே, கட்டிப் பாப்பம்னு கட்டுனேன்.

— எங்க போற?

— அதச் சொல்லத்தான் ஒக்காரச் சொன்னேன். மூணு மணி பஸ்ஸுல மலர்கொடி வர்றா.

— வரட்டுமே. மவ வந்து அம்மாவப் பாக்குறதுக்குப் பையி எதுக்கு?

— பாக்க வரலங்க. கூட்டிக்கிட்டுப் போவ வர்றா. பெரம்பலூருக்கு.

— எத்தினி நாளைக்கு?

— ஆங்?

— எத்தினி நாளைக்குன்னேன்!

— நாளெல்லாம் இல்ல. மொத்தமா. வூட்டுச் சாவியக்கூட பக்கத்து வூட்டுக் காத்தாயிகிட்ட குடுத்துட்டேன். மாப்புள மாடியில ஒரு ரூம்பு கட்டிருக்காராம். குழாயத் தொறந்தா தண்ணி கொட்டுதாம். டி.வி. இருக்காம். காது கேக்காதவளுக்கு டி.வி. எதுக்குடின்னா, படத்த மட்டும் பாரும்மாங்குறா.

— இப்ப என்ன திடீர்னு? இத்தினி வருசமா இல்லாத அவசரம்?

— வெடிதாங்க. காத்தாயி போனுல அவ அழுதாளாம். 'காது கேக்காத பொம்பள, வெடி வைக்கிற ஊர்ல, செவுரு பூரா விரிஞ்சு கெடக்குற வூட்டுல தனியாக் கெடக்குது. என்னைக்காவது ஒரு நாளு அந்தக் கொடிக்காரத் தாத்தா வராமப் போயிட்டா எங்கம்மா கதி என்ன'ன்னு கேக்குறாளாம். வெடி மட்டும் இல்லன்னா அம்மா அங்கயே இருந்துட்டுப் போவட்டும்னாளாம். வெடிதான் தெனம் வைக்கிறானே. இல்லீங்களா?

— ...ஆமா. வைக்கிறான்.

— ஆங்?

— வைக்கிறான்னேன்! அது என்ன தாத்தா? உம் பேத்தி சொல்லட்டும், ஒத்துக்குறேன். உம் மவளுக்குமா நான் தாத்தா? எனக்கு அறுபத்தெட்டுதான்!

— அறுபத்தெட்டத்தாங்க தாத்தாங்குறாங்க. எனக்கு அறுபத்தி மூணு. எவளாவது கெழவின்னு கூப்புட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். காது கேக்காததுல எனக்கு அது ஒரு வசதி.

— டீக்கடையில பேப்பர் படிச்சாங்க. அரியலூரு மறுபடியும் தனி ஜில்லா ஆயிருச்சாம். நேத்து வரைக்கும் பெரம்பலூரு நம்ம ஜில்லா. இப்ப நீ போனீன்னா ஜில்லா தாண்டிப் போயிடற. கேட்டியா?

— அதுங்களுக்கு வேற வேல இல்ல. ஒண்ணா இருந்துச்சுங்க, பிரிஞ்சுச்சுங்க, ஒரு வருசத்துல மறுபடி சேந்துக்கிச்சுங்க. இப்ப மறுபடியும் பிரிஞ்சுக்கிச்சுங்களா?

— அதான் சொல்றேன். இந்த வயசுக்கு மேல இதெல்லாம் தேவையா அதுங்களுக்கு?

— சேந்து பாக்கவாவது தைரியம் இருந்துச்சே.

— என்னா சொல்ற?

— ஜில்லாவச் சொன்னேங்க.

— ம்... அந்தக் கல்லயும் எடுத்துக்கிட்டா போற? காலேஜு பசங்க குழியப் பாக்க வந்தப்ப சொன்னாங்களே, அது கல்லே இல்லியாம். ஒரு காலத்துல உசுரோட நீந்திக்கிட்டு இருந்த ஜீவனாம். இங்க பூரா கடலா இருந்துச்சாம். ஒரு கொடம் தண்ணிக்கு டேங்கர் லாரி வருமா வருமான்னு காத்துக் கெடக்குற ஊர்ல, கடலாம்!

— கடலே கெளம்பிப் போன ஊருங்க இது. நான் போனா என்ன ஆயிரப் போவுது?

— கடலு போனப்ப நான் இல்ல. இருந்திருந்தா குறுக்கால நின்னு கொடிய ஆட்டி நிறுத்திருப்பேன்.

— கடலுக்கு ஆட்டுவீங்க. வேற யாருக்கு ஆட்டுவீங்க?

— ...உனக்கு ஆட்டத்தான் கை வர மாட்டேங்குது புள்ள.

— ஆங்?

— கை வலிக்குதுன்னேன்!

— வலிக்காம என்ன செய்யும். ஒரு நாளா ரெண்டு நாளா. குவாரிக்குப் போன உங்க கொல்லைக்கு வெடி வச்ச அன்னைக்கும் நீங்கதான கொடி புடிச்சீங்க. நான் இதே எடத்துல ஒக்காந்துதான் பாத்தேன்.

— அத இப்ப எதுக்கு ஞாபகப்படுத்துற?

— எனக்கு மறக்கலியே. ரெண்டு ஏக்கரா கரிசக்காடு. கம்பு போடுவீங்க, கொத்தமல்லி போடுவீங்க. கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்கு மொத மூட்ட உங்க கொல்லையிலேருந்துதான் போவும். அன்னைக்கு அப்புடியே மண்ணு மேல எந்திரிச்சுச்சு.

— எந்திரிச்சு நின்னுச்சு புள்ள. ஒரு நொடி அந்தரத்துல நின்னுச்சு. வரப்பு, எங்கப்பன் நட்ட நுணா மரம், எல்லாம் மேல நிக்கிது. அறுவட முடிஞ்சு நாலு மாசமான கொல்ல அது. ஆனா எனக்கு மல்லி வாசன அடிச்சுச்சு. அப்புறம் பொத்துன்னு விழுந்துருச்சு. நான் கொடிய ஆட்டிக்கிட்டே நிக்கிறேன், லாரிக்காரனப் பாத்து, 'வராத, வராத'ன்னு. அவன் என் மூஞ்சியப் பாத்துட்டு வண்டிய ஆஃப் பண்ணிட்டான். அழுதுட்டேன், கேட்டியா. எம் பொண்டாட்டி கண்ணகி செத்தப்பக்கூட நான் நாலு பேரு பாக்க அழுவல.

— தெரியும். நான் பாத்தேன்னுதான் சொன்னேனே. அன்னைக்குத்தான் உங்களுக்கு ஒரு லோட்டா மோரு கொண்டாந்து குடுத்தேன். அது வரைக்கும் நீங்க எனக்குக் கொடிக்காரருதான்.

— இப்ப மட்டும் என்னவாம்? இப்பவும் கொடிக்காரரேன்னுதான கூப்புடுற. ஊர்ல உன் வயசுப் பொம்பளைங்க எல்லாம் என்னை அண்ணேங்குதுங்க. நீ ஒருத்தி மட்டும் அண்ணேன்னு கூப்புட்டதே இல்ல.

— கிண்ணமா? கொண்டாந்திருக்கேனே. அந்தப் பையில மேலாக்க இருக்கு, எடுங்க. கருவாட்டுக் கொழம்பு. மீந்துபோச்சு, கொட்டவும் மனசு வரல.

— கருவாட்டுக் கொழம்பா! கத்திரிக்கா போட்டா?

— கத்திரிக்கா போட்டுத்தான்.

— இது என்னடா அதிசயமா இருக்கு. நேத்துதான் இந்த மரத்தடியில ஒக்காந்துக்கிட்டு, கருவாட்டுக் கொழம்பு தின்னு எத்தினி நாளாச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மொள்ளமாத்தான் சொன்னேன். போன மாசம் பல்லு வலின்னு பொலம்புனேன், மறுநாளே கிராம்பு கொண்டாந்து நீட்டுற. கல்லங்குறிச்சிப் பெருமாள்கிட்ட வேண்டுனாகூட ஒரு வருசம் இழுத்தடிக்கிறாரு. உங்கிட்ட மனசுல நெனச்சாப் போதும்.

— ஆங்? பெருமாளா?

— பெருமாளு நல்லாருக்காருன்னேன்!

— அவருக்கென்ன. நம்ம கொல்லையெல்லாம் போனதுக்கப்புறம் அவருக்கும் ரேஷன் அரிசிதான். பாவம், அவரும் கார்டு வாங்கிருப்பாரு. சாப்புடுங்க. இந்தக் கொடிய ஏன் மடியிலயே வச்சிருக்கீங்க, கொழம்பு பட்டுரப் போவுது. ஏங்க, இது புதுக் கொடியா? ஓரத்துல கர வச்சிருக்கு?

— ஆங்... ஆமா! கம்பெனியில இப்ப கர வச்ச கொடிதான் குடுக்குறாங்க!

— பரவால்லியே. வேட்டிக்கு ஏத்த கொடி. ஒரு மூலையில சலவைக் குறிகூட இருக்கு. அப்புறம் இன்னொண்ணு கேக்கணும்னு நெனச்சேன். முன்னல்லாம் வெடி வச்சா இந்த மரம் ஆடும், பானையில தண்ணி தளும்பும். காது கேக்காட்டியும் கால்ல தெரியும். இப்பல்லாம் ஒண்ணுமே தெரியலியே?

— அது... அது புது மருந்து! அதிராத மருந்து! வெளிநாட்டுலேருந்து வருது!

— ஓகோ. அதுவும் நல்லதுதான். ஆனா இந்தச் சங்கு விசயம்தான் எனக்குப் புரியல. மொதச் சங்குக்கு வூட்ட வுட்டு வரணும். ரெண்டாஞ் சங்குக்கு வெடி. மூணாஞ் சங்கு ஊதுனா திரும்பிப் போலாம். எல்லாம் சேந்து கா மணி நேரம் ஆவும். இப்ப என்னடான்னா, ரெண்டு மணிக்கு வந்து ஒக்காந்தா, பொழுது சாயிற வரைக்கும் மூணாஞ் சங்கு ஊதவே மாட்டேங்குறானே?

— பெரிய குழி ஆயிருச்சுல்ல! எல்லாரும் ஏறி வர்ற வரைக்கும் ஊத மாட்டான்!

— அதான பாத்தேன். ஊதுறவன் தூங்கிட்டானோன்னு நெனச்சேன். அந்தா காத்தாயி ஆட்ட ஓட்டிக்கிட்டு வர்றா பாருங்க. ஏய் காத்தாயி! இந்தப் பக்கமா வா!

— வரேன் அத்த! கெளம்பிட்டியா? சேல சூப்பரா இருக்கு அத்த! என்ன மாமா, இன்னைக்கும் கொடியோட குந்திருக்கீங்க? வெடியா?

— ஸ்ஸ்! மொள்ளமாப் பேசு காத்தாயி.

— எதுக்கு மொள்ளமா? அத்தைக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே. ஐயய்ய, மாமா, வெடி வச்சு ஏழு மாசமாச்சு. சித்திரையிலயே கல்லு தீந்துபோச்சுன்னு மெஷின ஏத்திக்கிட்டு மேக்கால நாலு மைலு தள்ளிப் போயிட்டான். குழியில தென்ன மரம் ஒசரத்துக்குத் தண்ணி நிக்கிது. ஊருக் கெணத்துத் தண்ணி பூரா அதுலதான் கெடக்கு, கெண்ட மீனு துள்ளுது. உங்க கொடியக்கூட ஆபீஸ்ல வாங்கிக்கிட்டுத்தான வூட்டுக்கு அனுப்புனாங்க. போன வருசம் ஆடிக்கு எடுத்த செவப்புத் துண்டக் குச்சியில கட்டிக்கிட்டு வந்து தெனம் 'வெடி, வெடி'ங்குறீங்க.

— இங்க பாரு, உங்கிட்ட சொல்ல என்ன வெக்கம். அது நின்ன மறுநாளு, சொல்லிட்டு வந்துரலாம்னுதான் போனேன். சங்கு இனிமே ஊதாதுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள உங்கத்த பூமால செருப்ப மாட்டிக்கிட்டு, கதவச் சாத்திட்டு, வெளிய வந்து நின்னுட்டா. 'போலாமா'ன்னா. நான் என்ன செய்யறது? போலாம்னுட்டேன்.

— ஏழு மாசமா?

— ஏழு மாசமா.

— நல்லா செஞ்சீங்க. இப்ப அத்த எதுக்கு ஊர வுட்டுப் போவுது தெரியுமா? வெடிக்குப் பயந்து. மலர்கொடி எங்கிட்டதான் அழுதுச்சு. நான் உண்மையச் சொல்லிருப்பேன், உங்க மூஞ்சிக்காகத்தான் வாய மூடிக்கிட்டேன். வெடிய இப்ப யாரு வைக்கிறா? நீங்க வைக்கிறீங்க, வாயாலேயே.

— சொன்னா இருந்துருவாளா?

— வெடி இல்லன்னா இருக்கட்டும்னு அது பொண்ணு சொல்லிருச்சே.

— சரி, இருந்துருவா. அதுக்கப்புறம்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வாசல்ல போயி நிக்கிறது? கொடி கையில இருக்கற வரைக்கும் நான் கொடிக்காரன். கொடி இல்லன்னா பொண்டாட்டி செத்தவன் ஒருத்தன், புருசன் செத்தவ வூட்டு வாசல்ல நிக்கிறான். ஊரு என்ன பேசும்?

— எந்த ஊரு? இருபத்தெட்டு வூடு இருந்த தெரு. இருபத்தஞ்சு வூடு வித்துட்டு ரோட்டோரம் போயிருச்சு. மீதி உங்க வூடு, அத்த வூடு, எங்க வூடு. நான் பேச மாட்டேன். எம் புருசன் பேசுனா நான் பாத்துக்குறேன். இந்த ஆடுங்க எதுனா பேசுனாத்தான் உண்டு. இன்னொண்ணு மாமா. உங்கள நான் மாமாங்குறேன். இத அத்தைங்குறேன். மொற சரியாத்தான் இருக்கு. நீங்கதான் குச்சிய ஆட்டிக்கிட்டே நிக்கிறீங்க.

— ஏ காத்தாயி, என்னடி அது, வாயி மட்டும் ஓயாம அசையுது? எனக்கும் ஒரு வார்த்த சொல்லேன்.

— மாமா ஆட்டுக்குத் தழ ஒடிச்சுத் தரேன்னாரு அத்த!

— ஒடிப்பாரு, ஒடிப்பாரு. எல்லாத்தயும் நாளைக்கு, நாளைக்கும்பாரு. நீ நம்பிக்கிட்டு இருக்காத.

— கேட்டீங்களா மாமா? அத்த தெரியாமச் சொன்னாலும் சரியாத்தான் சொல்லுது. மூணு மணிக்குள்ள சொல்லிப்புடுங்க, இல்லன்னா பஸ்ஸுல எறங்குறப்பவே மலர்கொடிகிட்ட நான் சொல்லிப்புடுவேன். ஹேய், ஹேய்! அந்தப் பக்கம் போவாத சனியனே! வரேன் அத்த!

— போயிட்டாளா? நல்ல பொண்ணு. என்னங்க, கொழம்பு அப்புடியே இருக்கு. காரமா?

— பூமால!

— ஆங்?

— வெடி நின்னுருச்சு!

— செடியா? எந்தச் செடிங்க நிக்கிது இந்தத் தூசியில? வாசல்ல மூணு தடவ முருங்க வச்சேன், பூவு எல்லாம் பொரிஞ்சு கொட்டிருச்சு.

— செடி இல்ல! நான் இத்தினி நாளு சொன்னதெல்லாம் பொய்யி!

— பாயி கட்டி வச்சிருக்கேங்க. பாயில்லாம எப்புடிப் படுக்குறது. மலர்கொடி வூட்டுல கட்டிலு இருக்காம், இருந்தாலும் எனக்குத் தரையிலதான் தூக்கம் வரும்.

— ஐயோ! ஏழு மாசமா!

— ஏழு மணி இல்லங்க, மூணு மணி பஸ்ஸு.

— இன்னைக்குன்னு பாத்து ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே உனக்கு!

— நீங்கதான் இன்னைக்குன்னு பாத்து என்னென்னமோ சொல்றீங்க. செடிங்குறீங்க, பாயிங்குறீங்க. ஒரு மனுசி ஊர வுட்டுப் போறா. அவகிட்ட கடேசியாச் சொல்ற பேச்சா இது? இதுக்கா இத்தினி நாளு எதுக்கால ஒக்காந்திருந்தீங்க? எந்திரிங்க, பஸ்ஸு வந்துருச்சு.

— எங்க? ஒண்ணும் சத்தம் கேக்கலியே?

— அந்தா, திருப்பத்துல.

— திருப்பத்துல ஒரு நாயி கூட இல்ல புள்ள. இரு... அட, ஆமா. வருது. எப்புடிக் கண்டு புடிச்ச?

— கால்ல தெரிஞ்சுச்சு. தர அதிருதுல்ல. பைய எடுத்துக் குடுங்க. மூணாஞ் சங்கு ஊதிருச்சா? ஊதாம எந்திரிக்கக் கூடாதும்பீங்களே.

— ஊதாது புள்ள. இனிமே எந்தச் சங்கும் ஊதாது. எந் தொண்டயும் போச்சு, இதுக்கு மேல கத்த முடியாது. எப்பவும் போல மொள்ளமாவே சொல்லிப்புடறேன். மொத வெடி வச்ச அன்னைக்கு நான் ரோட்டுலயே நின்னு கொடிய ஆட்டிட்டேன். உன் வாசல் வரைக்கும் வந்திருந்தா உங் காது போயிருக்காது. அந்தக் கொறைக்குத்தான் தெனம் வந்து கூப்புடுறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது இல்ல. மோரு குடுத்தியே, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, அது இல்லன்னு. உன்னப் பாக்காம எனக்கு ஒரு மத்தியானம் நவுராது. கொல்ல போச்சு. கெணறு போச்சு. இருபத்தஞ்சு வூடு போச்சு. எல்லாம் போறப்ப நான் கொடியக் கையில வச்சுக்கிட்டு ஓரமா நின்னேன். நீயும் போயிடாத பூமால. வெடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்கயே இருந்துரு.

— சரி. போவல.

— ...நான் மொள்ளமால்ல சொன்னேன்?

— பதினோரு வருசமா மொள்ளமாத்தான் சொல்றீங்க, நானும் உங்க வாயத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுல எது எனக்குக் கேக்காமப் போச்சு?